பைபிள் உறை

குளிர்ந்துபோன விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஜிப் வைத்த கறுப்பு பைபிள் உறையைக் கணவர் ஆசீர்வாதத்தின் கைகளுக்கு அடியில் செருகினாள் ஆலிஸ். உறை தடிமனாக இருந்ததால் கைகள் மார்பில் படியாமல் மேடுதட்டி நின்றன. போதகராக இருந்து இறந்தவர்களை இப்படி அனுப்புவதுதான் அந்தச் சபையின் வழக்கம். ஆசீர்வாதம் போதகராகச் சாகவில்லையே, அதுதான் சிக்கல்.

எழுபத்துமூன்றில், சிம்பாங் பூலாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் சாகக் கிடந்த ஒருவருக்காக ஜெபிக்கப் போனார். அந்த மனிதர் ஜெபமா கேட்டார்? மகளுக்கு வேலை பெர்மிட் வாங்க ஒரு மனு எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். ஆராதனை நேரத்தில் விண்ணப்பப் பாரம் நிரப்புகிறார் என்று சபையில் புகைந்தது. அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டு வந்து, ஈப்போவில், புந்தோங் வீட்டு முன்னறையில் ஒரு தட்டச்சுப் பொறியை வைத்து, ‘தோட்ட மக்கள் சேவை இல்லம்’ என்று பலகை மாட்டினார். சம்பளமும் போச்சு, சாமியும் போச்சு என்று ஊர் சிரித்தது. பிறகு இந்த ஆறு வருஷமும் அவர் சர்ச் படியை மிதிக்கவில்லை. முந்தாநாள் அந்தத் தட்டச்சுப் பொறியின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

புதுப் போதகர் அடக்கம் செய்யத் தயங்கினார். ஆசீர்வாதம் கர்த்தரை விட்டுவிட்டாரா என்று ஆலிஸிடம் நேருக்கு நேர் கேட்டார். தினமும் விடியலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து அந்த ஜிப்பைத் திறப்பாரே, அதைத்தான் வேதம் வாசிப்பதாக ஆலிஸ் சாட்சி சொன்னாள். அதை நம்பித்தான் சர்ச் கல்லறையில் குழி வெட்டியிருந்தார்கள். கடைசி நேரத்தில் போதகரின் மனசு மாறிவிட்டால் இந்த மனுஷனை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது என்ற பயம் காலையிலிருந்தே அவளை விடவில்லை.

சவப்பெட்டிக்கடை ஆ லியோங் மூடியைத் தூக்கினார். லாரியில் வந்த தோட்டத்து ஆட்கள் உள்ளே வராமல் வாசலிலேயே ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, அன்று மனு எழுதப்பட்ட அந்த மகள் மாரியம்மா, வந்து ஆலிஸின் முழங்கையைத் தொட்டாள்.

“அக்கா, எங்க செவப்பு ஐசி எல்லாம் ஐயாகிட்டதான் இருக்கு. பதினோரு பேருது.”

மேசை டிராயரில் இருக்கும், அப்புறம் பார்க்கலாம் என்றாள் ஆலிஸ்.

“டிராயர்ல வைக்க மாட்டாருக்கா. பைபிள் பையிலதான் வைப்பாரு. அத எவனும் தொறக்க மாட்டான்லா.”

குடியுரிமை இல்லாத அந்தப் பதினோரு பேருக்கும் இந்த நாட்டில் இருப்பதற்கு அந்தச் சிவப்பு அடையாள அட்டை ஒன்றுதான் ஆதாரம். வழியில் போலீஸ் சோதனை என்று கேள்விப்பட்டு, லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்து வந்தார்களாம்.

ஆலிஸ் உறையைப் பார்த்தாள். திறந்து, உள்ளே வேதம் இல்லாமல் போனால் அவள் சாட்சி பொய்யாகும், குழியும் போகும். திறக்காவிட்டால் பதினோரு பேரும் அவரோடு மண்ணுக்குள் போவார்கள். அதையெல்லாம்விட, ஆறு வருஷமாக அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆ லியோங் திருகாணியை எடுத்தார். ஆலிஸ் கையைக் குறுக்கே நீட்டினாள்.

ஜிப் பாதியில் சிக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வேதம் இல்லை. ரப்பர் வளையம் போட்ட சிவப்பு அட்டைகள். ஒவ்வொன்றோடும் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு: பெயர், பிள்ளைகள், எந்தத் தேதியில் பதிவு அலுவலகம் போக வேண்டும்.

போதகர் எட்டிப் பார்த்துவிட்டார். அவள் அட்டைகளை அவர் பக்கம் நீட்டினாள்.

“இதத்தான் தெனம் படிச்சிருக்காரு, பாஸ்டர்,” என்றாள். “எனக்குத் தெரியாது. நான் பொய் சொல்லல.”

போதகர் தன் வேதத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இனி அடக்கம் நடக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அட்டைகளைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். உடையப்பன், சன்னாசி, பத்துமலை. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். மாரியம்மா தன்னுடையதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

கடைசி அட்டையும் போனபிறகு போதகர் பெட்டியருகே வந்தார். அவளிடமிருந்து உறையை வாங்கி, சிக்கிய ஜிப்பைப் பொறுமையாக இழுத்து மூடி, ஆசீர்வாதத்தின் கைகளுக்கு அடியில் வைத்தார். பிறகு கக்கத்திலிருந்த தன் வேதத்தை எடுத்து விரித்தார்.

உறை இப்போது மெலிந்திருந்தது. கைகள் மார்பில் படிந்தன. ஆ லியோங் முதல் திருகாணியைத் திருகத் தொடங்கினார்.