எட்டாவது போன்

காலையிலிருந்து சின்னராஜ் வீடு வீடாகப் புகுந்து ஏழு போன்களில் ஆளாளுக்கு எடுத்திருந்த வீடியோவை அழித்துவிட்டான். மிச்சம் ஈஸ்வரியின் போன் ஒன்றுதான். அதிலும் அழிந்தால் மங்கம்மாள் செத்த விதத்துக்குச் சாட்சியே கிடையாது.

மங்கம்மாள் ஈஸ்வரியின் நாத்தனார். நேற்று விடியலில் பிரசவ வலி கண்டவளைப் போர்வையில் தொட்டில் கட்டி மலையிறக்கினார்கள். பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. காகிதத்தில் அந்த வழிக்குத் தார் ரோடு போட்டு ஆறு மாதமாகிறது! போட்டு முடித்ததாகக் கையெழுத்து வாங்கிய கான்ட்ராக்டரின் மேஸ்திரிதான் இந்தச் சின்னராஜ். மலையடிவாரத்துப் படவேட்டில் குடியிருப்பவன், சிக்னலுக்கு அலைந்தறியாத மகராசன்.

“வதந்தி பரப்புனா கேஸு, தெரியும்ல? ஒன் வூட்டுக்காரன் எங்க வண்டிதான ஓட்டறான்? நாளிக்கு ஓட்ட வேணாமா?” என்றவன், “குரூப்ல எங்கனா போட்டியா?” என்று கேட்டான்.

 ஈஸ்வரி நேற்று மாலையே மாவட்ட வாட்ஸப் குரூப்புக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தியிருந்தாள். ஆனால் ஊரில் சிக்னல் ஏது? வீட்டிலேயே அழுத்தி வைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கிற உச்சிப் பாறைக்கு ஏறுகிற யாரிடமாவது போனைக் கொடுத்தனுப்புவதுதான் இங்கே வழக்கம். மேலே போனதும் எல்லாம் தானாகப் புறப்படும். சாவு விழுந்த ஊரில் நேற்று ஒருவரும் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் நின்ற இடத்திலேயே அழித்துவிடுவான்.

“போட்டேண்ணா. எரநூறு பேருக்குப் போயிடுச்சு.”

சின்னராஜின் முகம் வெளுத்தது. “எல்லார்துலயும் அழி!”

“அதுக்கு சிக்னல் வேணும்ண்ணா. பாறைக்குப் போவணும்.”

“நட!”

போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு முன்னால் ஏறினாள். எங்கே பிடுங்கிப் பார்த்துவிடுவானோ என்று முதுகு கூசியது. நல்லவேளை, தொந்திக்காரனுக்கு மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருந்தது.

பாறைமேல் நின்று திரையைப் பார்த்தாள். அனுப்பக் காத்திருந்ததைக் காட்டிய கடிகாரக் குறி போய் வட்டம் சுற்றத் தொடங்கியது. மூன்று நிமிட வீடியோ, ஆமையாய் நகர்ந்தது.

“குடு இங்க.”

“நெட்டு சுத்துதுண்ணா.”

“இன்னாடி சுத்துது?” அவன் பாறையில் கை ஊன்றி ஏறினான். வட்டம் பாதி நிறைந்தது. முக்கால். அவன் கை நீண்டபோது வீடியோ போனதற்கு அடையாளமாக ஒற்றை டிக் விழுந்தது.

கொடுத்தாள்.  

“எத்த அமுக்கணும்ண்ணா, எனக்குத் தெரியல,” என்று, அதற்குள் நாலு பேராவது பார்த்து வேறு குரூப்புகளுக்கு அனுப்பட்டும் என இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அவனே ‘அனைவருக்கும் அழி’ என்பதை அழுத்தினான், கேலரியிலும் தேடிப்பிடித்து அழித்தான். பிறகு பீடி பற்றவைத்துக்கொண்டு, பொம்பளை அடக்கமாக இருக்க வேண்டியதைப் பற்றி நீளமாகப் புத்தி சொன்னான். பேசட்டும் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்துப் பார்த்தான். படவேட்டு நண்பர்கள் யாரோ வீடியோவைப் போட்டு, ‘இது உங்க ரோடுதான?’ என்று கேட்டிருந்தார்கள். அவன் விரல் பட்டு அது ஓடத் தொடங்கியது.

“அண்ணீ... இன்னும் எவ்ளோ தூரம்?”

மங்கம்மாளின் குரல். நேற்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனைப் பிடித்தபடி நடந்தவள் ஈஸ்வரிதான்.

சின்னராஜ் எங்கே அழிப்பது என்று தெரியாமல் திரையைத் தடவிக்கொண்டிருந்தான். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஈஸ்வரி, பாறையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.