ஆற்றைக் கடந்த வீடு

தேர்தல் நாள் காலை ஆறு மணிக்கு இஸ்மே திபுவின் வீடு தன் மூலைக்கற்களை விட்டு இறங்கி, ஆற்றைக் கடந்து வடகரைக்குப் போனது. இஸ்மே உள்ளே உப்புமீன் வதக்கிக்கொண்டிருந்தாள். சட்டி சற்றே சரிந்தது, பிடித்துக்கொண்டாள். கற்கள் பத்து மணி வாக்கில் வந்து சேர்ந்தன.

செயின்ட் ஆர்சுலா தீவின் வடகரைத் தொகுதியை இருபத்திரண்டு வருடமாகத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தவர் அமைச்சர் லரோண்ட். மீன்காரிகள் படகுக்குக் காத்து நிற்கும் வடகரைக் கடற்கரையை அவர் ஓட்டல்காரர்களுக்குக் கொடுக்கப்போகிறார் என்று தெரிந்ததும், மீன் விற்குமிடத்தில் இஸ்மேயின் பக்கத்துக் கூடைக்காரி ஏவ்ரில் டெஸ்டாங் அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றாள். அமைச்சர் சும்மா இருப்பாரா? தொகுதியின் எல்லைக்கோட்டை ஆற்றுக்கு நகர்த்த வைத்து, ஏவ்ரிலுக்கு ஓட்டுப்போடும் தென்கரைக்காரர்களை அடுத்த தொகுதிக்குத் தள்ளிவிட்டார். அவர் மறந்தது ஒன்றுதான். போன பெரும்புயலுக்குப் பிறகு தென்கரையில் எல்லோரும் சிமென்ட் வீடு கட்டிக்கொண்டார்கள். இஸ்மே வீடு மட்டும் கல் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் பலகை வீடு. தோட்டத் துரைமார் விரட்டிய காலத்தில் மூன்று முறை ஆள் தூக்கி இடம் மாறிய வீடு. அதற்குப் பழக்கம் உண்டு.

"உங்க பேரு தென்கரைப் பட்டியல்லதானே இருக்கு, மிஸ் இஸ்மே," என்றார் வடகரைச் சாவடி அதிகாரி.

"வீடு இங்க இருக்கு. ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க."

பார்த்தார். அடுப்புப் புகைகூட வந்துகொண்டிருந்தது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஓட்டு நாளன்று வீடு எங்கே நிற்கிறதோ அங்கே ஓட்டு என்றிருந்தது.

"வீடு நடந்து வந்துச்சுன்னா எழுதுவீங்க?" என்று சீறினான் அமைச்சரின் ஆள்.

"வந்துச்சுன்னு எழுதுறேன் தம்பி. நடையா ஓட்டமான்னு சட்டம் கேக்கல."

இஸ்மே விரலை மையில் முக்கி ஓட்டுப் போட்டாள்.

அன்று மாலை எண்ணியபோது ஏவ்ரில் ஒரு ஓட்டில் முன்னால் இருந்தாள். மூன்று முறை திரும்ப எண்ணினார்கள். அந்த ஒன்று அசையவில்லை. நாட்டில் பதினைந்து இடம், அதில் ஏழுக்கு ஏழு என்று நின்றிருந்தது. ஆகவே ஒரே ஓட்டில் அரசாங்கமே மாறியது. சங்குகள் முழங்கின, லாரிகளில் மேளம் கொட்டி ஊரே தெருவில் ஆடியது. இஸ்மே மை விரலைத் தூக்கிக் காட்டி, "அந்த ஒண்ணு நாந்தாண்டி," என்று ஏவ்ரிலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை.

"வீடெல்லாம் கட்சி மாறுனா மனுஷன் எப்பிடி ஜெயிக்கிறது?" என்று சொல்லிவிட்டு லரோண்ட் காரில் ஏறினார்.

வீடு திரும்பிப் போகவில்லை. கடற்கரையில் ஓட்டல்காரர்கள் முளையடித்த இடத்தில், முளைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டது. படகு வரும்வரை மீன்காரிகள் அதன் நிழலில் நிற்கிறார்கள். தபால்காரர் விலாசத்தை மாற்றிக்கொண்டார். ஆறு வருடம் கழித்துத் தொகுதி எல்லையைத் திரும்ப வரைய வந்த சர்வேயர், முதலில் வீட்டைச் சுற்றி வந்து குனிந்து மூலைக்கற்களைப் பார்த்தார். பிறகு இஸ்மே கொடுத்த உப்புமீனைத் தின்றுவிட்டு, வீடு வடகரைத் தொகுதிக்குள்ளேயே நிற்கும்படி எல்லைக்கோட்டை அதன் பின்னால் வளைத்துப் போட்டுவிட்டுப் போனார்.