மாணவர்கள் மகிழ்ந்தனர்

குழுவில் வரும் இணைப்பை வணங்க வேண்டும், திறக்க வேண்டியதில்லை, திறக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. எரியோட்டுக்குத் தெற்கே, வெங்காயக் காடுகளுக்கு நடுவில் இருந்த அந்த அரசு நடுநிலைப் பள்ளியில் இந்த விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாததாலேயே அதை மீறவும் யாருக்கும் தோன்றவில்லை.

காலை வழிபாட்டு மணிக்குச் சற்று முன்னால், கணித ஆசிரியர் பிராங்க்ளின் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘வகுப்பறைக்குப் பயனுள்ள இணைய வளங்கள்’ என்ற தலைப்பிட்டு ஓர் இணைப்பை அனுப்புவார். பள்ளியின் தொழில்நுட்பப் பொறுப்பு அவரிடம் இருந்தது. மேலே உள்ள குழுக்களில் வருவதைக் கீழே உள்ள குழுவுக்குக் கடத்துவதே அந்தப் பொறுப்பு என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். தலைமையாசிரியை சிவனம்மாள் முதலில் கைகூப்புவார். அவருக்கு முன் யாரும் கூப்புவதில்லை. பிறகு பணிமூப்பு வரிசையில் ஒரு பூங்கொத்து, ஒரு கட்டைவிரல், ஓர் ‘அருமை சார்’. கல்யாணப் பத்திரிகையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறோம். உள்ளே அச்சாகியிருக்கும் பெரியப்பா, சித்தப்பாக்களின் பெயர்களை எவரும் படிப்பதில்லை. அதனால் மரியாதைக்குக் குறைவும் வந்துவிடுவதில்லை. இணைப்புகளின் நிலையும் அதுதான்.

அறிவியல் ஆசிரியை மகேஸ்வரி இந்த விதிக்குக் கட்டுப்பட்டவள் மட்டுமல்ல, அதைச் சற்று அழகுபடுத்தியவளும்கூட. வெறும் கட்டைவிரல் அவளுக்கு வறட்சியாகத் தோன்றியது. பள்ளி திறந்த புதிதில் ஒருநாள், பேருந்தில் நின்றபடியே, ‘வகுப்பில் காட்டினேன், மாணவர்கள் மகிழ்ந்தனர்’ என்று எழுதி அனுப்பினாள். மறுநாள் ‘வ’ என்று தொட்டதுமே அவளுடைய கைபேசி அந்த வாக்கியம் முழுவதையும் எடுத்து நீட்டியது. அதற்கடுத்த நாளும் நீட்டியது. மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. காலாண்டுத் தேர்வு வருவதற்குள் பிராங்க்ளின் அனுப்பிய ஒவ்வோர் இணைப்பின் கீழும் மாணவர்கள் மகிழ்ந்திருந்தார்கள்.

அந்த மகிழ்ச்சி மேலே உள்ள குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை சிவனம்மாள் மகேஸ்வரியைத் தன் அறைக்கு அழைத்தார். வட்டாரக் கல்வி அலுவலர் இஷாக் வியாழக்கிழமை வருகிறார் என்றார். பள்ளிகளுக்குக் கொடுத்த ப்ரொஜக்டர்களில் பயன்படாமல் கிடப்பவற்றை எடுத்து வேறு பள்ளிகளுக்குத் தரப்போகிறார்கள். இந்தப் பள்ளியில்தான் இணைய வளங்களை அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பேசிக்கொள்வதால், அதை நேரில் பார்க்க அவர் ஆசைப்படுகிறார்.

“நீங்கதான் டீச்சர் பாடம் எடுக்கணும். நீங்கதான தெனமும் காட்டுறீங்க.”

“ப்ரொஜக்டர் எங்கங்க டீச்சர் இருக்கு?”

“பீரோவுலதான். உறைகூடப் பிரிக்கல, புதுசா இருக்கு” என்று பெருமையுடன் சொன்ன சிவனம்மாள், தான் சொன்னதன் பொருள் தனக்கே உறைத்ததும் குரலைத் தாழ்த்தினார். “வியாழக்கெழமைக்குள்ள கொஞ்சம் பழசாக்கிரலாம்.”

அந்தக் கருவி போய்விடும் என்று கேட்ட பிறகுதான் மகேஸ்வரிக்கு அது வேண்டும் என்று தோன்றியது. எட்டாம் வகுப்புக்கு மின்சுற்றுப் பாடம் நடத்த அவளிடம் ஒரு பேட்டரியும் ஒரு சிறு பல்பும் இருந்தன. மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் குவிந்துவிடுவார்கள். பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவர்களின் பிடரியைப் பார்த்தே மின்னோட்டத்தைப் படித்தாக வேண்டும். சுவர் முழுவதும் அந்த பல்பு எரிந்தால் எப்படியிருக்கும்? இத்தனை மாதங்களில் ஒருநாள்கூட அந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொள்ளாதது அவளை வெட்கப்பட வைத்தது.

நல்ல இணைப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பிராங்க்ளினைத் தேடிப் போனாள். ஆனால் விதி இருந்தது. நேராகக் கேட்க வழியில்லை.

“சார், முன்ன ஒண்ணு அனுப்புனீங்களே, நல்லா இருந்துச்சே.”

“எது டீச்சர்?”

“அதான் சார், நல்லா இருந்துச்சே.”

“எல்லாமே நல்லாத்தான டீச்சர் இருந்துச்சு.”

“அதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?”

பிராங்க்ளின் கையிலிருந்த சாக்பீஸை உற்றுப் பார்த்தார். “புள்ளைகளுக்கு எது பிடிச்சுச்சு? நீங்கதான காட்டுனீங்க.”

“அதுகளுக்கு எல்லாமே பிடிச்சுச்சு.”

“அப்ப எனக்கும் எல்லாமே பிடிச்சதுதான் டீச்சர்.”

இருவரும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கணத்தில் இருவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்பதையும் சொல்ல வழியில்லாததால், மழை வருமா வராதா என்று பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, மகேஸ்வரி மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். குழுவின் ஆரம்பத்திலிருந்து ஒவ்வோர் இணைப்பாகத் திறந்தாள். பல பக்கங்கள் இல்லாமலே போயிருந்தன. ஒன்று அவளுடைய பள்ளிக்கு வழங்கப்படாத கடவுச்சொல்லைக் கேட்டது. ஒன்று பனிமனிதனுக்குப் பொத்தான் தைத்துக் கூட்டல் கற்பித்தது. பனியைக் கண்டிராத பிள்ளைகளுக்கு முதலில் பனியைக் கற்பிக்க வேண்டியிருக்கும். ஒரு காணொளியில் ஒருவர் தன்னை அறிமுகம் செய்யத் தொடங்கி, கடைசிவரை அதையே செய்துகொண்டிருந்தார். இன்னொன்றைத் திறந்தபோது சமையல் எரிவாயு சிலிண்டர் பதிவு செய்யும் பக்கம் வந்தது. பிராங்க்ளின் வீட்டுக்கு அனுப்ப நினைத்ததைக் குழுவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அதற்கும் சிவனம்மாள் கைகூப்பியிருந்தார். அதன் கீழும் மாணவர்கள் மகிழ்ந்திருந்தார்கள்.

மகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். திண்டுக்கல்லுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்த அவள் கணவன் பிரபு எட்டிப் பார்த்தான்.

“லீவு நாள்ல என்ன அப்பிடிச் சிரிப்பு?”

“பள்ளிக்கூட வேலை.”

“பள்ளிக்கூட வேலையிலயா? இம்புட்டு நாளா எங்கிட்டச் சொல்லவே இல்ல.”

அதற்குள் அவள் அடுத்த இணைப்பைத் திறந்திருந்தாள். வெள்ளைத் திரையின் ஓரத்தில் பேட்டரி, கம்பி, பல்பு, ஸ்விட்ச் எல்லாம் வரிசையாக இருந்தன. இழுத்து வைத்து இணைத்தால் பல்பு எரிந்தது. கம்பிக்குள் நீலப் புள்ளிகள் எறும்புச் சாரைபோல ஊர்ந்தன. பேட்டரியின் இரண்டு முனைகளையும் நேராகக் கம்பியால் சேர்த்துப் பார்த்தாள். திரையில் தீப்பிடித்தது. அவளையறியாமல் “ஐயோ!” என்றாள்.

“அங்க ஒண்ணும் இல்ல, இங்கதான் தீயுது!” என்று அடுப்படியிலிருந்து பிரபு கத்தினான்.

அன்று தயிரும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டார்கள். பிறகு இருவருமாக மாலைவரை அந்தத் திரையில் மாறி மாறிக் கம்பி இழுத்தார்கள். இணையம் இல்லாமலும் ஓடும்படி அதைக் கணினியில் சேமித்துக்கொள்ள முடியும் என்று கண்டுபிடித்தது பிரபுதான். பள்ளியில் இணையம் காற்றடிக்கும் திசையைப் பொறுத்தே வரும் என்பதால் அது பெரிய உதவியாக இருந்தது. மற்ற இணைப்புகளிலும் தேறியவற்றை மகேஸ்வரி தனியே எடுத்து வைத்தாள். ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன.

வியாழக்கிழமை இஷாக் வந்தார். மேசையருகே போட்டிருந்த நாற்காலியை மறுத்துவிட்டு, கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கப்பட்ட வகுப்பில், சுவர் நிறைய ஒரு பல்பு எரிந்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. யார் அடித்தது என்று சிவனம்மாள் திரும்பிப் பார்த்தார். அலுவலர் இருந்த பெஞ்ச் என்பதால் விசாரணை அதற்குமேல் நகரவில்லை.

“இன்னும் வெளிச்சமா எரிய வைக்கணும்னா என்ன பண்ணலாம்? யாரு வாரீங்க?” என்றாள் மகேஸ்வரி.

முகேஷ்குமார் ஓடி வந்தான். பல்பை எடுத்துவிட்டுக் கம்பியை நேராகச் சேர்த்தான். சுவரில் குபீரென்று தீப்பிடித்தது. வகுப்பு அலறியது.

“ஏலே, எரிச்சுட்டான் டீச்சர்!”

“ஃபியூஸ் போடுலே கூறுகெட்டவனே!” என்று எழுந்தாள் ஷமா. “மோட்டார் ரூம்ல எங்க அத்தா அதத்தான் மொதல்ல பாப்பாரு.”

“அப்ப நீயே வந்து போடு” என்றான் அவன்.

ஷமா வந்து ஃபியூஸை இழுத்து நடுவில் வைத்தாள். மறுபடியும் நேராகச் சேர்த்தார்கள். இம்முறை தீ இல்லை. ஃபியூஸ் அறுந்தது, நீலப் புள்ளிகள் நின்றன. “ஏன் நின்னுச்சு?” என்று மகேஸ்வரி கேட்டு முடிப்பதற்குள் நாலாபுறமும் விடைகள் கிளம்பின. யாருக்கும் யாருடைய பிடரியும் தெரியவில்லை. எல்லோருக்கும் சுவர் தெரிந்தது. மணி அடித்த பிறகும் ஒருவரும் எழவில்லை. இஷாக் மட்டும் எழுந்து முன்னால் வந்தார்.

“டீச்சர், செத்த நேரம் நானும் பாக்கலாமா?”

அவரும் தீ வைத்தார். வகுப்பு கைதட்டியது.

ஆசிரியர் அறையில் தேநீரும் வடையும் வந்தன. இஷாக் பேனாவைத் திறந்து அறிக்கையை எடுத்தார்.

“ரொம்ப சந்தோஷம் டீச்சர். இது ஒண்ணே இப்பிடி இருக்குன்னா மத்ததெல்லாம் எப்பிடி இருக்கும்! எல்லாத்துக்கும் ‘மாணவர்கள் மகிழ்ந்தனர்’னு போட்டிருக்கீங்க. அத வச்சுத்தான் ப்ரொஜக்டர் இங்கயே இருக்கட்டும்னு எழுதப் போறேன். பிராங்க்ளின் சார், ஒண்ணு செய்யுங்க. நீங்க அனுப்புன அம்புட்டு லிங்க்கையும் தொகுத்து எனக்குப் போடுங்க. வட்டாரத்துல இருக்குற எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிரலாம்.”

பிராங்க்ளின் மின்விசிறியைப் பார்த்தார். சிவனம்மாளின் கைகள் பழக்கத்தால் தாமாகவே கூப்பிக்கொண்டன. எல்லாம் சுமுகமாக முடிந்துகொண்டிருந்தது. மகேஸ்வரி ஒரு வாய் தேநீரைக் குடித்தால் போதும், ப்ரொஜக்டர் தங்கிவிடும். ஆனால் அவளுக்குக் வேடசந்தூர்ப் பக்கம் எங்கோ இருக்கும், முகம் தெரியாத ஓர் ஆசிரியை நினைவில் வந்தாள். அவளிடமும் ஒரே ஒரு பேட்டரி இருக்கும். நாளை அவளுடைய கைபேசியில் இத்தனை இணைப்புகளும் போய் விழும். அந்தக் குவியலுக்குள் உண்மையாகவே எரியும் அந்த ஒரு பல்பு இருக்கிறது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? அவளும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போய்விடுவாள்.

மகேஸ்வரி தம்ளரைக் கீழே வைத்தாள்.

“அனுப்ப வேணாம் சார்.”

“ஏன் டீச்சர்?”

“டீச்சர்...” என்றார் சிவனம்மாள் மெதுவாக.

“போன ஞாயித்துக்கெழமை வரைக்கும் அதுல ஒண்ணக்கூட நான் தொறந்து பாத்ததில்ல சார். வகுப்புல காட்டுனேன்னு போட்டதெல்லாம் சும்மா போட்டது. தொறந்து பாத்தா அதுல பாதி ஓடல, மீதிய நம்ம புள்ளைகளுக்குக் காட்ட முடியாது. நாலஞ்சுதான் தேறும். அத மட்டும், எந்தப் பாடத்துக்கு எப்பிடிப் போடணும்னு எழுதி நானே அனுப்புறேன். ப்ரொஜக்டர எடுத்துட்டுப் போறதா, விட்டுட்டுப் போறதாங்கிறத, நான் எழுதுனத வச்சு இல்ல சார், கடைசி பெஞ்சுல உக்காந்து நீங்க பாத்தத வச்சு எழுதுங்க.”