நாலாவது சிலிண்டர்

மதி வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கரைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டாவது சிலிண்டரின் புஷ்ராடை இழுத்தாள். பாதி வரை வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்து உருவியபோதுதான் வெளியே வந்தது. நேராக இருக்கவேண்டிய கம்பி நடுவில் வளைந்திருந்தது. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. கரி பிடித்து, தான் ஏறி இறங்கும் குழலுக்குள்ளேயே இறுகிவிட்டிருந்தது.

"இதான் சார்," என்றாள். விசாரணை அதிகாரி குனிந்து படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பயிற்சி விமானத்தின் எஞ்சின் அது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, தரையை விட்டு எழும்பிய சற்று நேரத்தில் பலம் இழந்து விமானம் விழுந்தது. கற்றுக்கொள்ள வந்த ஜெமிமா பிழைத்துவிட்டாள். கற்றுக்கொடுத்த வரதன் பிழைக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு அந்த எஞ்சினைத் திருவொற்றியூரில் இருந்த இந்தப் பட்டறைக்குக் கொண்டுவந்தவரும் வரதன்தான். "காலையில ஸ்டார்ட் பண்ணா ஒரு நிமிஷம் தட்டுதும்மா. சூடானதும் சரியாயிடுது. அதான் எனக்கு பயமா இருக்கு," என்று மதியிடம் சொன்னார். அவர் பயந்தது நியாயம் என்று அவளுக்கும் பட்டது. சூட்டில் சோதித்தால் சிலிண்டரின் அழுத்தம் சரியாகவே காட்டும். ஒவ்வொரு வால்வாக ஸ்பிரிங்கைக் கழற்றி, டயல் கேஜ் வைத்து, வால்வின் தண்டு எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தால்தான் எது ஒட்டுகிறது என்று தெரியும்.

அன்று மூன்று சிலிண்டர்களை அளந்தாள். நாலாவதற்கு வந்தபோது மணி நாலரை. 2004ஆம் வருடக் கோடை, ஊரெங்கும் தண்ணீர்ப் பஞ்சம். வியாசர்பாடியில் அவள் குடியிருப்புக்கு ஐந்தரைக்குத் தண்ணீர் லாரி வரும். விட்டால் மூன்று நாளைக்குக் கிடையாது. மூன்றாவதன் எண்ணையே, கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி, நாலாவதற்கும் எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடம் பிடிக்கப் போய்விட்டாள்.

விபத்துச் செய்தி வந்த அன்றே முதலாளி அருள்நாதனிடம் இதைச் சொன்னாள். அதன் பிறகு அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்கு வந்தாள். "இன்னாமே, பேசவே மாட்டேன்ற?" என்று கணவன் பீம்ராவ் கேட்டபோது குடங்களை ஓரமாக அடுக்கிவைத்தாள். நாலாவது சிலிண்டர்தான் கொன்றது என்று உறுதியாக நம்பியிருந்தாள். இப்போது சிக்கியிருப்பதோ இரண்டாவது. ஒழுங்காக அளந்தது. நிம்மதி வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை.

அதிகாரி கை கழுவப் போனதும் அருள்நாதன் பக்கத்தில் வந்தார். "நாலாவதப் பத்தி வாயத் தொறக்காத. அது ஒண்ணும் செய்யலல்லா? அதச் சொன்னியன்னா, ரெண்டாவதுக்கு நீ எழுதுன நம்பர எவன் நம்புவான்? மொத்தப் பழியும் ஒன் தலையிலதான் விழும்."

அவர் சொன்னது சரிதான். இரண்டாவதற்கு எழுதிய அந்த எண் ஒன்றுதான் அவளுக்காகப் பேசும்.

அதிகாரி திரும்பி வந்து பதிவேட்டைப் புரட்டினார். "ரெண்டாவதுல அன்னிக்கு அளவு சரியாத்தான் இருந்திருக்கு. நீங்களே அளந்ததுதானே?"

"ஆமா சார். ரெண்டாவது அளந்தேன்." பதிவேட்டில் நாலாவதன் எண்மேல் விரலை வைத்தாள். "நாலாவது அளக்கல சார். சும்மா எழுதிக்கீறேன்."

அருள்நாதன் கண்களை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ இந்த ரெண்டாவது நம்பர் உண்மைன்னு நான் எப்படிம்மா எடுத்துக்கிறது?"

"தெர்ல சார்."

நாலாவதை இப்போது அளக்கச் சொன்னார். அளந்தாள். இருக்கவேண்டிய அளவுக்குள்தான் இருந்தது. அவர் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு இரண்டாவதன் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு, கீழே அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"முடிவு வார வரைக்கும் வீட்ல இரு," என்றார் அருள்நாதன். குரலில் கோபம்கூட இல்லை.

வெளியே கண்டெய்னர் லாரிகள் துறைமுகம் வரை வரிசையாக நின்றிருந்தன. ஒரு லாரியின் நிழலில் ஓட்டுநர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். "பஸ்ஸு இப்போ வராதும்மா. இதுங்க நவுந்தாதான்," என்றார். மதி அங்கேயே நின்றாள். சட்டியிலிருந்து கொதிக்கும் கஞ்சி தார்ச்சாலையில் வழிந்து, மெல்லப் பரவி, அவள் செருப்பைத் தாண்டி விரல்களைத் தொட்டது. "காலு, காலு!" என்று ஓட்டுநர் கத்தினார். அவள் காலை இழுத்துக்கொள்ளாமல் குனிந்து, விரல்களுக்கிடையே எழும் ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.