கேட்காமல் எடுத்த சட்டை

முப்பத்தெட்டு வயதாகியும் அண்ணன் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். கணவனைப் பிரிந்து இரண்டு பெட்டிகளோடு அங்கே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. இருவரும் இதுவரை அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அதனால்தான் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளிக்கப் போகும் முன் கேட்பாள், டி.வி. போடும் முன் கேட்பாள், ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன்கூட "அண்ணி, தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பாள்.

அன்று காலை மட்டும் கேட்கவில்லை.

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வரவேற்பாளர் வேலைக்குப் பதினொரு மணிக்கு நேர்காணல். அவளிடமிருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கியபோது அக்குளில் 'டர்' என்று தையல் விட்டது. ஊசி நூல் தேட நேரமில்லை. அண்ணி பயிற்சி வகுப்புக்காக வெளியூர் போய் மூன்று நாளாகிறது, மாலை ஆறு மணி ரயிலில்தான் வருவாள். அவளுடைய அலமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள், சாம்பல் நீலத்தில் ஒரு பட்டுச் சட்டை தொங்கியது. அண்ணி அதைப் போட்டு இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். நாலு மணி நேரம்தானே, போட்டுவிட்டு அப்படியே மாட்டிவிடலாம் என்று தோன்றியது. எடுத்துவிட்டாள்.

நேர்காணல் மோசமில்லை. மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். முடிந்ததும் ஒருவர் தேநீர் கொடுத்தார். மறுக்கத் தெரியாமல் வாங்கினாள். முதல் வாய் குடிக்கும்போதே இரண்டாவது பொத்தானுக்குக் கீழே ஒரே ஒரு சொட்டு விழுந்தது. கழிவறைக்கு ஓடி, ஈரக் காகிதத்தால் தேய்த்தாள். தேநீர்க் கறை போய்விட்டது. ஆனால் நனைந்த இடம் காயக் காய, அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளையம் எழுந்து நின்றது. பேருந்தில் வீடு வரும்வரை கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றாள். உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றிக் கழுத்துப் பட்டியின் உட்புறம் பார்த்தாள். சின்னத் துணித்துண்டில் வரிசையாகப் படங்கள். வாளிக்குள் ஒரு கை. குறுக்குக் கோடு போட்ட முக்கோணம். கட்டத்துக்குள் ஒரு வட்டம், அதன் மேலும் குறுக்குக் கோடு. புள்ளி வைத்த இஸ்திரிப் பெட்டி. மெஷினில் போடக்கூடாது, கையால் துவைக்கலாம் என்றவரை புரிந்தது. ஓரிடத்தில் மட்டும் ஈரம் பட்டால் பட்டில் வளையம் விழும், முழுவதும் நனைத்தால்தான் போகும் என்று எப்போதோ கேட்டது ஞாபகம் வந்தது.

உள் தையலில் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தாள். இலேசாக நீலம் ஒட்டியது. ஒட்டாவிட்டால்தான் ஆச்சரியம் என்று நினைத்தாள். இன்றைக்கு முழித்த முகம் அப்படி. பெரிய வாளியில் குளிர்ந்த நீர் பிடித்து, இரண்டு சொட்டு ஷாம்பு விட்டுக் கலக்கி, சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி அமிழ்த்தினாள். தேய்க்கவில்லை. தூங்குகிற குழந்தையைத் தட்டுவதுபோல மேலும் கீழுமாக அசைத்தாள். தண்ணீர் மெல்ல நீலமானது. மூன்று நிமிடத்துக்கு மேல் வைக்காமல் எடுத்து, இரண்டு முறை அலசினாள். பிழியத் துடித்த கைகளை அடக்கிக்கொண்டாள். தடித்த துண்டு ஒன்றை மேசையில் விரித்து, அதன்மேல் சட்டையைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, மேலிருந்து அழுத்தினாள். துண்டு ஈரத்தைக் குடித்தது. பிரித்துப் பார்த்தால் வளையம் இல்லை. அப்போதுதான் மூச்சே வந்தது.

இனிக் காய வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும், கம்பி ஹேங்கரில் போட்டால் தோளில் துணி புடைத்துக்கொண்டு நிற்கும். உலர்ந்த துண்டு ஒன்றின்மேல் கூடத்தில் பரப்பி மின்விசிறியைச் சுழலவிட்டாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். படுக்கையறையில் காற்று அதிகம் என்று அங்கே தூக்கிப்போனாள். அங்கே ஈரக்கசிவு என்று திரும்பக் கூடத்துக்கே கொண்டுவந்தாள்.

ஒன்றரைக்கு அண்ணன் சாப்பிட வந்தான். விஷயத்தைக் கேட்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

"அவ சட்டையையா எடுத்தே? அதுவும் இதையா?"

"ஆறு மணிக்குள்ள காஞ்சிடும்ணா. நீ சாப்பிடு."

"காயும் காயும். மழைத்தண்ணி புகுந்த லிஃப்ட் மோட்டாரையே காய வெச்சு ஓடவிட்டவன் நான்."

"அது இரும்பு. இது பட்டு."

அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அடித்தது. அண்ணி.

"பாப்பா, வகுப்பு சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. முந்தின ரயில்லயே ஏறிட்டேன். ரெண்டரைக்கு வீட்ல இருப்பேன். இன்டர்வியூ எப்படி?"

"நல்லா... நல்லாத்தான் போச்சு அண்ணி."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சிக்னல்." பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனாள். அண்ணி வகுப்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாள். ஒரு சொல்கூட இவள் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்தபோது கூடத்தில் 'கொர்' என்று சத்தம். அண்ணன் முழங்காலிட்டு, முடி உலர்த்தும் கருவியை முழு வேகத்தில், முழுச் சூட்டில் வைத்து, சட்டையின் இடது கை மணிக்கட்டுப் பட்டிமேல் ஒட்டினாற்போலப் பிடித்திருந்தான். முகத்தில் அவ்வளவு அக்கறை.

"அண்ணா, எடு!"

எடுத்தான். பட்டியிலிருந்து நான்கு விரல் உயரத்துக்குத் துணி சுருங்கி, மினுமினுப்புச் செத்து, பப்படம்போல நெளிந்திருந்தது. அவள் இழுத்துப் பார்த்தாள். நீவிப் பார்த்தாள். நெளிந்தது நெளிந்ததுதான்.

அண்ணன் கருவியை அணைத்தான். "நான்தான் தொவச்சேன்னு சொல்லிடறேன். என்னைத் திட்டித் திட்டி அவளுக்குப் பழக்கம்தானே."

அவள் அடுத்த அரை மணி நேரம் வீட்டை அளந்தாள். சட்டையை மடித்து உறைக்குள் வைத்து அலமாரியில் மாட்டிவிட்டால்? அண்ணி எடுக்கப் பல மாதமாகலாம். ஈரத்தோடு உறைக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தன் பெட்டிக்குள் ஒளித்தால்? அது திருட்டு. வேலை கிடைக்காது, இங்கேயும் இருக்க முடியாது, அம்மா வீடு என்று ஒன்றும் இனி இல்லை. ஒரு சட்டைக் கையிலிருந்து மனசு எங்கெங்கோ போய்விட்டது. பெட்டிகளில் ஒன்றைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக்கூடப் பார்த்தாள். பிறகு தள்ளிவிட்டாள்.

அண்ணி உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கூடத்துத் தரையில் பரப்பியிருந்த சட்டை கண்ணில் பட்டுவிட்டது.

"நான்தான் தொவச்சேன்," என்றான் அண்ணன், யாரும் கேட்காமலே.

"நீங்களா? உங்க கைக்குட்டையையே நீங்க தொவச்சதில்ல."

"சும்மா ஒரு... ஆசையில."

"அண்ணி," பாப்பா ஓர் அடி முன்னால் வந்தாள். "நான்தான் எடுத்தேன். இன்டர்வியூவுக்குப் போட்டுட்டுப் போனேன். டீ கொட்டிடுச்சு. தொவச்சேன்."

"சூடு வெச்சது நான்," என்றான் அண்ணன்.

அண்ணி பையை இறக்கிவைத்து, குனிந்து, சட்டையின் கைப்பட்டியை விரல்களுக்கிடையில் தடவினாள். நேரம் எடுத்துக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

"எனக்குக் கோவமே இல்லைன்னு சொன்னா அது பொய். ஒரு வருஷம் அந்தக் கடை வாசல்ல நின்னு நின்னு பார்த்து வாங்கினது இது."

"வேற வாங்கித் தந்துடறேன் அண்ணி."

"இப்ப அதைக் கேட்டனா நான்? தண்ணி குடிக்கறதுக்குக் கேக்கறே. ஜன்னல் சாத்தறதுக்குக் கேக்கறே. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் எட்டு மாசமா 'எடுத்துக்கோ, எடுத்துக்கோ'ன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்குது. கேக்க வேண்டியதை மட்டும் கேக்கல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

அண்ணி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "தெரியல. முடியாதுன்னுகூடச் சொல்லியிருப்பேன். சொன்னா என்ன? நீ வேறொண்ணைப் போட்டுட்டுப் போயிருப்பே. அதுக்காக நான் உன்னை வெளிய அனுப்பிடுவேனா?"

பாப்பா சட்டென்று அழுதுவிட்டாள். தன்னைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று அண்ணிக்குத் தெரிந்திருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை. அண்ணி கட்டியெல்லாம் பிடிக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு, "பாதி ஈரமா இருக்கும்போதே தேய்ச்சாத்தான் மடிப்புப் போகும். இஸ்திரிப் பெட்டியை எடு. குறைஞ்ச சூட்டுல வை. மேல ஒரு பருத்தித் துணி போடு. நீங்க" என்று அண்ணன் பக்கம் திரும்பினாள், "அந்தக் கொள்ளிவாய்ப் பிசாசைக் கொண்டுபோய் உள்ள வைங்க."

உள்பக்கமாகத் தேய்த்தார்கள். ஒருத்தி துணியை இழுத்துப் பிடித்தாள், ஒருத்தி பெட்டியை நகர்த்தினாள். முதுகும் முன்பக்கமும் பழையபடி வழுவழுத்தன. கைப்பட்டி சரியாகவில்லை. மறுநாள் தையல்காரரிடம் கொடுத்து இரண்டு கைகளையும் முழங்கைவரை வெட்டித் தைத்துக்கொண்டாள் அண்ணி. "முழுக்கைதான் அழகு" என்று அதைப் போடும்போதெல்லாம் சொல்லிக்காட்டினாள். பாப்பா கேட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை பரிசோதனை நிலையத்திலிருந்து அழைத்தார்கள். அவள் விண்ணப்பித்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அதிகாலைப் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது, ஆறு மணிக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், அண்ணிக்கும் அவளுக்கும் முதல் சண்டை வந்தது. அவளுடைய அலாரம் நாலே முக்காலுக்கு அடித்து வீட்டையே எழுப்புகிறதாம். "அஞ்சு மணிக்கு வெச்சா பஸ் போயிடும்" என்று இவள் குரலை உயர்த்தினாள். "பஸ் போனா அடுத்த பஸ்ல போ" என்று அண்ணி அதைவிட உயர்த்தினாள். அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். சண்டை முடிய முக்கால் மணி நேரமானது. அவன் இரண்டு முறை குளித்துவிட்டான்.