மாப்பிள்ளை வாட்ச்

திருடன்கூட முழு வாட்சைத்தான் தூக்கிக்கொண்டு போவான். என் புருஷன் அஷ்ஃபாக், என் அத்தாவின் வாட்சிலிருந்து குடலை மட்டும் உருவிக்கொண்டு, கூட்டைப் பளபளவென்று துடைத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். நானும் "சர்வீஸ் நல்லாப் பண்ணிருக்காகளே" என்று சொல்லி அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என்னைப் பெற்ற அத்தா நைனா முகம்மது இளவயதில் கொழும்பு விமான நிலையத்துக் கேண்டீனில் வேலை பார்த்தவர். ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார விமானி கையிலிருந்து கழற்றி அவருக்கு விற்றுவிட்டுப் போன வாட்ச் அது. கறுப்பு டயல். பெரிய பெரிய எண்கள், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப் போனவை. கையுறையோடு திருகலாம் என்பதற்காகச் சின்ன வெங்காயம் அளவுக்கு ஒரு குமிழ். தினமும் விடிகாலையில் பஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் அதற்குச் சாவி கொடுப்பார். அவர் மவுத்தான பிறகு விருதுநகர் பருப்புக் கடையை அண்ணன்மார் எடுத்துக்கொண்டார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். வாட்ச் என்றேன். பைத்தியக்காரி என்று சிரித்தார்கள். எவ்வளவோ கேட்டிருக்கலாம், நான் கேட்டது அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்து ஏழில், தீபாவளி சீசன் முடிந்த கையோடு, என் நாத்தனார் பர்ஹத்துக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை சாதிக் பாட்சா, சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில், ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், போர்மேன். நிக்காஹ் அன்று பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டவேண்டும், அது எங்கள் வீடுகளில் வழக்கம். மாப்பிள்ளையின் தாய்மாமா அதற்கு ஒரு கண்டிஷன் போட்டார். வாட்ச் பாரின் கம்பெனியாக இருக்கவேண்டும். அதுவும் சும்மா இல்லை. அவர் மகனுக்குப் பெண் வீட்டார் டூப்ளிகேட்டைக் கட்டி ஏமாற்றிவிட்டார்களாம். அதிலிருந்து சீர் சாமான் பார்க்க வரும்போதே வாட்சைக் கடைக்கு எடுத்துப்போய், பின்மூடியைத் திறந்து மெஷினைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பார். நகையை உரசிப் பார்ப்பது மாதிரி.

என் புருஷனுக்குத் தொழில் அட்டைப்பெட்டி. சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லோடு லோடாகப் பெட்டி அனுப்புகிறவர். சென்னைக்குப் போனவர் ஒரிஜினலின் விலையைக் கேட்டுவிட்டு, அதே கம்பெனிப் பெயர் போட்ட டூப்ளிகேட்டை வாங்கி வந்தார். பார்க்கப் புதுமாப்பிள்ளை மாதிரிதான் இருந்தது. மூடியைத் திறந்தால்தான் மானம் போகும். எங்கள் அலமாரியில் அத்தாவின் வாட்ச் ஒரு வருஷமாக ஓடாமல் கிடந்தது. அதே கம்பெனி, அதே மாதிரிக் கறுப்பு டயல், குமிழ், அசல் மெஷின், ஆனால் வெளியே கீறலும் தேய்மானமுமாகக் கிழடு தட்டிப்போனது. ஒருநாள் காலையில், "குடு, சர்வீஸுக்குக் குடுத்துட்டு வாரேன்" என்று கேட்டார். இத்தனை நாள் இல்லாத அக்கறை வந்திருக்கிறதே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

திரும்பி வந்தபோது எண்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. கழுவியிருப்பார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலை தொழுதுவிட்டு வந்து சாவி கொடுத்தேன். அத்தாவின் வாட்ச் கொஞ்சம் திருகியதும் போதும் என்று இறுகி நின்றுவிடும். இது நிற்கவே இல்லை. திருகத் திருகத் திரும்பிக்கொண்டே இருந்தது. கை வலித்ததுதான் மிச்சம்.

நேராகப் பஜாரில் மொக்கைச்சாமியின் வாட்ச் கடைக்குப் போனேன். சர்வீஸுக்குக் கொடுத்த இடம் அதுதான். அந்த ஆள் என்னைப் பார்த்ததும் பெருமையாகச் சிரித்தார்.

"வாங்க பாயம்மா, எப்படி ஓடுது? மாப்பிள்ள வாட்சப் பாத்தீகளா? மிஷினு, டயலு, முள்ளு, குமிழு எல்லாம் உங்க வாட்சுல இருந்து எடுத்துச் சுத்தம் பண்ணிப் போட்டு, டூப்ளிகேட்ட ஒரிஜினல் ஆக்கிட்டேன்ல. அதுல இருந்த செல்லு மிஷினத் தூக்கி இதுல வச்சு, இதையும் ஓட விட்டாச்சு, இனி சாவியே குடுக்க வேணாம்."

"யாரக் கேட்டு மாத்துனீக?"

சிரிப்பு நின்றது. "வீட்டுல சம்மதம்னு பாய் சொன்னாகளே."

வீடு என்றால் நான்தானே. எனக்கே தெரியாமல் நான் சம்மதித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, அவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"எங்கத்தா வாட்ச என்ன பண்ணீக?"

"அலமாரியிலதான இருக்கு?"

"அதுக்குள்ள இருந்தது எங்கங்க?"

வெட்கப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் தட்டிலிருந்து நிமிரக்கூட இல்லை.

"ஓடாமக் கெடந்த சாமான். பர்ஹத்துக்கு ஆகட்டுமேன்னு செஞ்சேன். ஒனக்கு வேண்டியது ஒங்கத்தா ஞாபகம், அது வெளிய இருக்கு. அந்த மாமாவுக்கு வேண்டியது மிஷினு, அது உள்ள இருக்கு. இதுல யாருக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

அந்த மாமா மூடியைத் திறந்து பார்ப்பார், அதனால் அவருக்கு உள்ளே அசல். பெண்டாட்டி திறந்து பார்க்கமாட்டாள், அவளுக்கு வெளியே அசல் போதும். பெட்டி விற்றே பழகிய மூளை என்னையும் அப்படித்தான் அளந்து வைத்திருக்கிறது.

"அந்த மாப்பிள்ள வெடிமருந்து ரூமுல நிக்கிற ஆளு. அங்கன உரசித் தீப்பொறி வருமுன்னு ஊக்கு, கொலுசக்கூட கேட்டுலயே களட்டி வைக்கச் சொல்றாக. அவரு இத எங்கன கட்டப்போறாரு?"

"கட்டுறதுக்கா குடுக்கோம்? சபையில நாலு பேரு பாக்கத்தான். நிக்காஹ் முடியட்டும், ஒனக்கு வேற வாங்கித் தாரேன். வாய மூடிட்டு இரு."

மாமா வந்தார், கடைக்குக் கொண்டுபோனார், மூடியைத் திறந்தார், திருப்தியானார். எண்கள் ஏன் மஞ்சளாக இருக்கின்றன என்று கேட்டதற்கு, இப்போது அதுதான் பேஷன் என்று என் புருஷன் சொன்னாராம். அதை என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

நிக்காஹ் அன்று திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கேமராக்காரர் சொன்னபடி என் புருஷன் மாப்பிள்ளை கையில் இரண்டு தடவை கட்டினார். அத்தாவின் முகம் மாதிரி எனக்குப் பழகிய அந்தக் கறுப்பு டயல், பளபளக்கிற புதுக் கூட்டுக்குள் உட்கார்ந்து போட்டோவுக்கு நின்றது. சபையே மாஷா அல்லாஹ் என்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் மாப்பிள்ளையைப் பெண்கள் பக்கம் அழைத்து வந்தார்கள். பாலும் பழமும் கொடுக்க வேண்டியது பெண்ணின் மதினி. அதாவது நான். வாயை மூடச் சொன்னவர் இதை மறந்துவிட்டார். தட்டை நீட்டினேன்.

"மாப்பிள்ள, ஒரு வார்த்த. ஒங்க கையில ஓடுறது மவுத்தாப்போன எங்கத்தாவோடது. என்னக் கேக்காம எடுத்து வச்சுட்டாக. எனக்கு அது வேணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்ஹத் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "மதினி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், சும்மா இருங்க."

மாப்பிள்ளையோடு வந்திருந்த மாமா குதித்தார். "அப்ப இது டூப்ளிகேட்டா?"

"வெளிய டூப்ளிகேட்டு. உள்ள ஒரிஜினல்."

அவர் முகம் தெளிந்தது. "உள்ள ஒரிஜினல்தானே? அப்ப நமக்கு ஒண்ணும் கொறையில்லையே!"

இந்த ஆம்பளைகள் அத்தனை பேருக்கும் ஒரே மூளையா என்று எனக்கு வந்த கோபத்தில் பால் தளும்பியது. நல்லவேளை, சாதிக் பாட்சாவுக்கு வேறு மூளை இருந்தது. "நீங்க பேசாம இருங்க மாமா" என்றவர், வாட்சைக் கழற்றித் தட்டில் பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. பால் குடிக்கவில்லை. பர்ஹத் அழுதாள். இன்றுவரை அவள் என்னோடு பேசுவதில்லை. அவள் அழுததற்கு வருத்தப்படுகிறேன். வாங்கியதற்கு வருத்தப்படவில்லை.

மறுநாள் இரண்டு வாட்சையும் மொக்கைச்சாமியின் மேசையில் வைத்தேன்.

"எதெது எங்க இருந்துச்சோ அங்கன வைங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "பாயம்மா, கோவிச்சுக்காதீக. டூப்ளிகேட் கூடு கொஞ்சம் சின்னது. டயல் உக்கார மாட்டேன்னுச்சு. சுத்திலும் அரம் போட்டுக் கொறைச்சுட்டேன். குமிழ் தண்டையும் வெட்டிட்டேன். இனி பளைய கூட்டுல வச்சா ஆடும், சாவியும் ஏறாது. இதுலயே இருக்கட்டுமே, நல்லாத்தான ஓடுது?"

அரம் போட்டிருக்கிறார்கள். என் அத்தா தினமும் துணியால் துடைத்த டயலில் அரம் போட்டிருக்கிறார்கள். கடை என்றும் பாராமல் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை, எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்தி ஓய்ந்த பிறகு, "பளைய கூட்டுலயே வைங்க" என்றேன்.

"ஓடாது பாயம்மா."

"ஓட வேணாம். அதோட வீட்டுல கெடக்கட்டும்."

டூப்ளிகேட்டின் சாமான்களை டூப்ளிகேட்டுக்குள்ளேயே போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன். மதியம் என் புருஷன் சாப்பிட வந்ததும் அவர் கையைப் பிடித்து நானே கட்டிவிட்டேன்.

"இந்தாங்க. வெளியவும் டூப்ளிகேட்டு, உள்ளயும் டூப்ளிகேட்டு. ஒங்களுக்கு அளவெடுத்தாப்ல இருக்கு."

கழற்றி வீசுவார் என்று எதிர்பார்த்தேன். வீசியிருந்தால் அவருக்கும் கொஞ்சம் ரோஷம் இருக்கிறது என்று நினைத்திருப்பேன். மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இப்போது தினமும் அதைக் கட்டிக்கொண்டுதான் கம்பெனிகளுக்கு ஆர்டர் பிடிக்கப் போகிறார். யாராவது கேட்டால், மாமனார் கொடுத்தது, ஒரிஜினல் என்கிறார்.