ஆஷ்பியின் மாவுப் பீப்பாய்

அந்த வருஷம் எங்கள் ஊரில் ஆண்கள் யாரும் முகச்சவரம் செய்துகொள்ளக் கூடாது என்று விழாக் கமிட்டி உத்தரவு போட்டது. நானோ கோர்ட்டுக்கு எதிரே சலூன் வைத்திருப்பவன். என் வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்ல? மெரிடன் மாவட்டத் தலைநகராகி எழுபத்தைந்து வருஷம் ஆகிறதாம், பவள விழாவாம், அதற்காக ஊரே பழைய குடியேறிகள் மாதிரி தாடி வளர்க்க வேண்டுமாம். மழித்த முகத்தோடு கடைத்தெருவுக்கு வந்தால் பிடித்துக்கொண்டு போய், கோர்ட்டுப் புல்வெளியில் கட்டி வைத்திருந்த மரக் கூண்டுக்குள் அடைப்பார்கள். விளையாட்டுக்குத்தான். என்னையும் அடைத்தார்கள். சவரக்கத்தி பிடிக்கிறவன் தாடியோடு நின்றால் எவன் என்னிடம் கன்னத்தைக் கொடுப்பான் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கூண்டைச் சாத்தினார்கள்.

அந்தக் கோடை முழுவதும் என்னிடம் தவறாமல் சவரத்துக்கு வந்தவன் ஒரே ஒருத்தன், ஆர்வில் நைகார்ட். ஆஷ்பிக்காரன். கோதுமை விவசாயி, நல்ல உயரம், பேச்சு குறைச்சல். சனிக்கிழமை தானியம் போட்டுவிட்டு லாரியை என் கடை வாசலில் நிறுத்துவான்.

"உன்னைக் கூண்டுல போடலியா?" என்று கேட்டேன்.

"என்னை எதுக்குப் போடறாங்க? நான் என்ன உங்க ஊர்க்காரனா? உங்களுக்குக் கல்யாணம், எங்களுக்கு அதே நாள்ல எழவு. எழவு வீட்டுக்காரன் தாடி வளத்தா என்ன, வளக்காட்டி என்ன. சோப்பைப் போடு."

அவன் சொன்னது நியாயம்தான். மாவட்டத் தலைநகர் முதலில் ஆஷ்பியில்தான் இருந்தது. ரயில் எங்கள் பக்கம் வந்ததும் எங்கள் ஆட்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஓட்டெடுப்பு நடந்தது. மெரிடனில் இருந்த ஆட்களைவிட மெரிடனில் விழுந்த ஓட்டு அதிகம்; கல்லறைத் தோட்டமே எழுந்து வந்து ஓட்டுப் போட்டது என்று ஆஷ்பிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வருகிறவரை காத்திருக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. 1888-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஷ்பி மொத்தமும் சர்ச்சில் இருந்த நேரம் பார்த்து, கேப்டன் ஹாக்கெட் என்பவர் தலைமையில் எங்கள் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் நிலப் பத்திரங்களையும் இரும்புப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பத்திரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தலைநகர். ஆஷ்பி அதோடு காலி. அடுத்த பனிக்காலத்தில் அங்கிருந்தவர்கள் வீடுகளையே சறுக்குக் கட்டையில் ஏற்றி, குதிரை பூட்டி இழுத்துக்கொண்டு இங்கே வந்தார்கள். நான் குடியிருக்கிற வீடுகூட அப்படி வந்ததுதான். இன்றைக்கு ஆஷ்பியில் ஒரு தானியக் கிடங்கும் நாலைந்து குடும்பங்களும் இருக்கின்றன.

இதில் பீப்பாய் எங்கே வந்தது என்றால், அன்றைக்கு ஆஷ்பி கோர்ட்டில் காவலுக்கு இருந்த ஒரே ஆள் நெல்ஸ் நைகார்ட், ஆர்விலின் தாத்தா. எங்கள் வண்டிகளைப் பார்த்ததும் அவர் பயந்துபோய்ப் பக்கத்துக் கடையின் மாவுப் பீப்பாய்க்குள் குதித்து மூடியையும் இழுத்து மூடிக்கொண்டார் என்பது மெரிடனின் கதை. சர்ச்சிலிருந்து திரும்பிய ஜனங்கள் அவரைப் பீப்பாய்க்குள்தான் கண்டெடுத்தார்கள், தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக. அதிலிருந்து எங்கள் ஊரில் எவனாவது பயந்து பின்வாங்கினால் 'பீப்பாய்க்குள்ளே போய்ட்டான்' என்போம். நைகார்ட் குடும்பத்துக்கே பீப்பாய் என்று பெயர். ஆர்விலின் அப்பா சாகிறவரை எங்கள் ஊரில் முடி வெட்டிக்கொண்டதில்லை. பெண்டாட்டியே வெட்டிவிடுவாள், கண்றாவியாக இருக்கும்.

கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது யோசிக்க எனக்கு நேரம் கிடைத்தது. எங்கள் ஊருக்கு அந்தப் பீப்பாய் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் நேரத்தில் அடுத்த ஊர்க்காரன் சொத்தை வாரிக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் திருட்டு. ஆனால் அங்கே ஒருத்தன் மாவுக்குள் ஒளிந்துகொண்டான் என்று சொல்லிவிட்டால் அது வேடிக்கையாகிவிடுகிறது. சிரித்துக்கொண்டே சொல்லலாம், குழந்தைகளுக்குக்கூடச் சொல்லலாம். நானும் சொல்லிச் சிரித்தவன்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

விழாவின் முக்கிய நிகழ்ச்சி நாடகம். ஊர் ஊராகப் போய் இந்த மாதிரி நாடகம் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். நடிப்பதெல்லாம் எங்கள் ஆட்கள். அவரவர் தாத்தாவின் வேஷத்தை அவரவர் பேரன்தான் போட வேண்டும் என்பது கமிட்டித் தலைவர் வெண்டல் ஹாக்கெட்டின் யோசனை. இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கேப்டன் ஹாக்கெட்டின் பேரன். தாடியைக் கேப்டன் படத்தில் இருக்கிற மாதிரியே கத்தரிக்கச் சொல்லி என்னிடம் வந்தார். அவர் வந்த நேரம் ஆர்வில் நாற்காலியில் இருந்தான், முகமெல்லாம் சோப்பு நுரை.

"ஆர்வில், உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்," என்றார் வெண்டல். "நாடகத்துல உன் தாத்தா வேஷம் நீதான் கட்டணும்."

ஆர்வில் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். "பீப்பாய்க்குள்ள குதிக்கணுமா?"

"குதிச்சு, அப்பறம் எழுந்து மாவைச் சிலுப்பணும். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். இதுல மனசுல வச்சுக்க என்னப்பா இருக்கு? எழுவத்தஞ்சு வருஷம் ஆயிடுச்சு."

"உங்களுக்கு ஆயிடுச்சு," என்றான் ஆர்வில்.

"நீ மாட்டேன்னா டட்ச் கெல்லர் செய்யறேன்னு நிக்கறான். அவன் எப்படிச் செய்வான்னு உனக்கே தெரியும்."

எனக்கும் தெரியும். டட்ச் கெல்லர் கல்யாண வீட்டில்கூட அந்தப் பீப்பாய் வேடிக்கையை ஆடிக் காட்டுகிறவன், பின்புறத்தை ஆட்டிக்கொண்டு, பன்றி மாதிரி கத்திக்கொண்டு. ஆர்வில் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தான். நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"சரி. நானே செய்யறேன்," என்றான்.

தாடிக்கு அப்புறம் வருகிறேன் என்று வெண்டல் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ரெண்டாயிரம் பேர் முன்னால உன் தாத்தாவை நீயே கோமாளியாக்கப் போறியா?"

"நான் இல்லன்னா டட்ச் ஆக்குவான். பாடற கூட்டத்துல லொரேன் நிப்பா, எமில். அவ கண்ணு முன்னால அந்தப் பய ஆடறதை என்னால பாக்க முடியாது."

லொரேன் அவன் ஒரே மகள். ஆஷ்பிப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். படிப்பில் கெட்டிக்காரி. பள்ளியில் அவளுடைய புத்தகப் பெட்டியின் மேல் எவனோ சுண்ணாம்பால் பீப்பாய்ப் படம் போட்டு வைத்தானாம். அவள் அதை வீட்டில் சொல்லவில்லை, டீச்சர் சொல்லித்தான் இவனுக்குத் தெரியும்.

"அவளும் இந்தப் பேரைத் தூக்கிட்டே திரியணுமா?" என்றான். "தாத்தா எப்படி அதுக்குள்ள போனாருன்னு எங்க யாருக்கும் தெரியாது. அப்பா எத்தனையோ தடவை கேட்டிருக்காரு. தாத்தா வாயே திறக்கல. அந்தக் கோலத்துல பாத்த ஜனம், சொன்னா நம்பவா போவுதுன்னு விட்டுட்டாரோ என்னவோ. அவர் உள்ள போனதைப் பாத்தவங்க உங்க ஊர்க்காரங்க மட்டும்தான். அவங்க சொன்னதுதான் கதை."

"இப்ப நீ என்ன பண்ணப் போறே?"

"தெரியல. பாதிக் கன்னம் அப்படியே கெடக்கு, சவரத்தை முடி."

ஒத்திகையில் அவன் அந்தக் கம்பெனி அம்மாள் சொன்னதையெல்லாம் செய்தான். காலைத் தூக்கிப் பீப்பாய்க்குள் வைத்து இறங்கினான், எழுந்தான், தோளைச் சிலுப்பினான். மாவு கிடையாது, நாடகத்தன்றைக்குத்தான் மாவு. "இன்னும் கொஞ்சம் பயந்த மாதிரி, மிஸ்டர் நைகார்ட்," என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தார். லொரேன் பாடுகிற கூட்டத்தில் பழைய காலத்துத் துணித் தொப்பி கட்டி நின்றுகொண்டு காலடித் தரையையே பார்த்தாள். தாடி இல்லாததால் எனக்கு வேஷம் கிடையாது. பீப்பாயையும் மாவையும் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். எனக்கு அதுவே பாவம் பிடித்த வேலையாகத் தோன்றியது.

நாடகம் சந்தை மைதானத்தில், வெயில் தணிந்த பிறகு. குதிரைப் பந்தயம் பார்க்கிற மேடைப் படிக்கட்டு நிரம்பி வழிந்தது. பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஆஷ்பியின் நாலைந்து குடும்பங்களும் ஓர் ஓரமாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. முதலில் செவ்விந்தியர், பிறகு கூடார வண்டிகள், வெட்டுக்கிளி, ரயில் எல்லாம் வந்து போயின. கதையை ஒலிபெருக்கியில் படித்தவர் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் கிளிஃபர்ட். வெண்டலின் வெற்றிப் பேச்சுக்காகப் பீப்பாய்க்கு மேலே ஒரு மைக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். நாடகத்துக்காகப் பலகையால் கட்டியிருந்த ஆஷ்பி கோர்ட்டுக்குப் பின்னால் நான் நின்றேன். ஆர்வில் என் பக்கத்தில் நின்றான், பழைய கோட்டும் தொப்பியுமாக. 

"போறதுக்குப் பயமா இருக்கா?" என்றேன்.

"பீப்பாய்க்குள்ள எறங்கறதுக்குப் பயமா இருக்கு," என்றான். பிறகு வெளியே போய் வாசலில் நின்றான்.

குதிரைகள் பூட்டிய வண்டி வந்தது. வெண்டலும் அவருடைய ஆட்களும் தாடியும் துப்பாக்கியுமாகக் குதித்தார்கள். ஒலிபெருக்கியில் கிளிஃபர்ட் வாசித்தார்: "இதைக் கண்ட காவலர் நெல்ஸ் நைகார்ட், உயிர் தப்பினால் போதும் என்று அருகிலிருந்த மாவுப் பீப்பாய்க்குள் குதித்தார்."

ஜனங்கள் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆர்வில் குதிக்கவில்லை. கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றான்.

கிளிஃபர்ட், அவன் காதில் விழவில்லை போலும் என்று நினைத்து அதே வரியை இன்னொரு தடவை படித்தார். ஆர்வில் நின்றான். சிரிப்பு அங்கங்கே அறுந்தது.

"பீப்பாய்க்குள்ள போ, ஆர்வில்," என்று வெண்டல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எனக்குக் கேட்டது.

"போகல."

"விளையாடாதே. அத்தனை பேரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நான் காவல் காக்கறவன். உங்களுக்குப் பத்திரம் வேணும்னா என்னைத் தாண்டி எடுத்துக்கிட்டுப் போங்க."

வெண்டல் முதலில் அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போகப் பார்த்தார். ஆர்வில் அசையவில்லை. குதிரைகள் மிரண்டு காலை மாற்றி மாற்றி வைத்தன. பின்னால் அடுத்த காட்சிக்காரர்கள் வந்து நெருக்கினார்கள். அந்தக் கம்பெனி அம்மாள் ஓரத்தில் நின்று, கைக் காகிதத்தைச் சுழற்றி, ஆகட்டும் ஆகட்டும் என்று சைகை காட்டினார். வெண்டலின் முகம் தாடிக்கு மேலே சிவந்துபோயிற்று. அவர் கெட்ட மனுஷன் இல்லை. கமிட்டித் தலைவர், அவ்வளவுதான். நாடகம் நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த நேரத்தில் அவர் மண்டையில் ஒன்றும் ஓடவில்லை.

"தூக்குங்கடா அவனை," என்றார்.

பாய்ந்தார்கள். இரண்டு பேர் கையைக் கதவிலிருந்து பிய்த்தார்கள், இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். ஆர்வில் யாரையும் அடிக்கவில்லை. பிடித்த பிடியை விடாமல் இருந்தான், அவ்வளவே. தொப்பி விழுந்தது. ஒருத்தன் சட்டை கிழிந்தது. மீதிப் பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். திமிறத் திமிற அவனைத் தூக்கிக்கொண்டு வந்து காலை மடக்கிப் பீப்பாய்க்குள் திணித்தார்கள். மாவு குபீரென்று எழும்பியது. வெண்டல் மூடியை எடுத்து மேலே வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார்.

அழுத்தியவர் அப்படியே நின்றுவிட்டார்.  சிரிப்பதற்கென்றே வந்தவர்கள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். டட்ச் கெல்லர்கூட. எழுபத்தைந்து வருஷமாக எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றாதது அப்போதுதான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஒரு மனுஷன் பீப்பாய்க்குள் போவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெண்டல் மூடியிலிருந்து கைகளை எடுத்து, அந்தக் கைகளையே பார்த்தார்.

மூடி நகர்ந்தது. ஆர்வில் எழுந்தான். தலைமுடி, புருவம், கோட்டு எல்லாம் வெள்ளை. சிலுப்பவில்லை. இருமினான், மூச்சு வாங்கினான். மேலே தொங்கிய மைக்கு அந்த மூச்சைக்கூட மைதானம் முழுக்கக் கொண்டுபோனது.

"எத்தனை பேர் தூக்கினீங்க, வெண்டல்?" என்று கேட்டான். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

வெண்டல் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "ஒம்போது பேரு."

"எங்க தாத்தா என்னைவிடப் பெரிய ஆளு. அவருக்கு இன்னும் ரெண்டு பேர் வேண்டியிருந்திருக்கும்."

"எங்க தாத்தா..." என்று ஆரம்பித்த வெண்டல் கையில் ஒட்டிய மாவைத் துடைத்தார். "அவராவே குதிச்சாருன்னுதான் எங்க தாத்தா சொன்னாரு, ஆர்வில்."

"உங்க தாத்தா வேற என்ன சொல்லுவாரு?"

அதற்குப் பிறகு வெண்டல் பேச வேண்டிய வெற்றிப் பேச்சு பாக்கி இருந்தது. சொட்டு ரத்தம் சிந்தாமல் வென்றோம் என்று தொடங்கும். ஒலிபெருக்கியில் கிளிஃபர்ட் அதன் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். வெண்டல் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

பாடுகிற கூட்டத்திலிருந்து லொரேன் இறங்கி வந்தாள். பீப்பாய் விளிம்பில் அப்பாவுக்குக் கை கொடுத்தாள். "மெதுவாப்பா. காலை இப்படி வை," என்றாள். அவன் இறங்கினான். மேடைக்குப் பின்னால் குழாயடி இருக்கிறது, அங்கே வா என்று நான் சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் வரவில்லை. அவன் கோட்டில் ஒட்டிய மாவைத் தட்டிவிடாமல், கையைப் பிடித்து, அத்தனை பேருக்கும் முன்னால், அந்தப் படிக்கட்டின் முழு நீளத்துக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.